மதுரையில் இருந்துகொண்டே வெள்ளி டிசைனராகப் பிழைக்க முடியுமா?

கேள்வி நீளமாக வந்திருந்தது, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மதுரையில் கட்டடக்கலை படித்து, ஓர் அலுவலகத்தில் வரைபட வேலை பார்க்கும் பெண். வீட்டில் யாரும் நகைத் தொழிலில் இல்லை. வெள்ளியில் கிண்ணம், விளக்கு, நகை என்று சொந்த வடிவங்களில் செய்து அதையே பிழைப்பாக்க ஆசை. எங்கே கற்பது, எவ்வளவு முதல் வேண்டும், எப்போது கையில் காசு நிற்கும், இந்த ஊரில் இது நடக்குமா, இப்போது இருக்கிற வேலையை விடலாமா என்று கேட்கிறார்.

நடக்கும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் சிக்கல் இல்லை. "பரம்பரை இல்லாதவளுக்குக் கைவேலை வருமா" என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கை பழகிவிடும். சிக்கல் தராசில் இருக்கிறது.

தெற்கு ஆவணி மூல வீதியில் எந்தக் கடையில் ஏறினாலும் வெள்ளி எடைக்குத்தான் விற்கிறது. இன்றைய ரேட், அதன்மேல் சேதாரம், செய்கூலி, அப்புறம் ஜிஎஸ்டி. குங்குமச்சிமிழுக்கும் அதே கணக்கு, குத்துவிளக்குக்கும் அதே கணக்கு. வாங்குகிறவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். நாளைக்கு ஓர் அவசரம் என்றால் இதைப் போட்டு எவ்வளவு வாங்கலாம் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டேதான் ஒரு தட்டைக் கையில் எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் ஊரில் வெள்ளி பாதி பாத்திரம், பாதி சேமிப்பு. ஆனால் அந்த பில்லில் டிசைனுக்கு என்று ஒரு வரி எங்கேயும் கிடையாது. அந்த வரியை எழுத வைப்பதுதான் நீங்கள் கேட்கிற தொழில்.

ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் கனம், 925 வெள்ளியில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி இருக்கிற கலவையில், ஒரு வட்டத் தகடு. எடை ஏறக்குறைய 81 கிராம். அதில் சுத்த வெள்ளி 75 கிராம். கணக்குக்காகக் கிராம் 200 ரூபாய் என்று வைத்தால் உலோகம் மட்டும் 15,000. இதை இயந்திரம் இல்லாமல் சுத்தியலால் அடித்து எழுப்புவதானால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டம் வட்டமாக அடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு சுற்று முடியும்போது வெள்ளி இறுகிப்போய், அடியின் சத்தமே மாறிவிடும். அதற்கு மேல் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விழும். அப்போது நெருப்பில் காட்ட வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, மங்கின சிவப்பு தெரிந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, நீர்த்த அமிலத்தில் போட்டெடுத்து, கழுவித் துடைத்து, மறுபடி முதல் வட்டத்திலிருந்து. இப்படி ஐந்தாறு முறை. பிறகு தட்டிச் சமப்படுத்த வேண்டும், விளிம்புக்கு அரம் போட வேண்டும், பாலிஷ் பிடிக்க வேண்டும். புதியவருக்கு மூன்று நாள் வேலை. நாளுக்கு 1,500 கூலி போட்டாலும் 4,500. 3 சதவீத ஜிஎஸ்டி, ஹால்மார்க் செலவு எல்லாம் சேர்ந்தால் 20,000-ஐத் தாண்டிவிடும். இதில் உங்களுக்கு லாபம் என்று இன்னும் ஒரு பைசா சேர்க்கவில்லை. அதே எடையில் அச்சில் அழுத்தி எடுத்த கிண்ணத்தைக் கடைக்காரர் இதைவிடக் கணிசமாகக் குறைத்துக் கொடுப்பார். உங்கள் கிண்ணத்தை வாடிக்கையாளர் தராசில் வைத்த நிமிஷம் நீங்கள் தோற்றாயிற்று.

ஆகவே முதல் முடிவு இது: எடை குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருக்கிற பொருள்களைத்தான் செய்ய வேண்டும், உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்ல வேண்டும். இதில் உங்கள் படிப்பு உதவும். 0.6 மில்லிமீட்டர் தகடு தனியாக நின்றால் தொளதொளவென்று இருக்கும். அதிலேயே வரிவரியாக மடிப்பு கொடுத்தால் விறைப்பு வந்துவிடும். கூரைத் தகட்டை ஏன் நெளிநெளியாகச் செய்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 81 கிராம் கிண்ணம் 50 கிராமுக்கு இறங்கும், பார்வைக்கும் அது உங்களுடையதாக இருக்கும். இன்னொரு வழி, வெள்ளியை மற்றப் பொருளோடு சேர்ப்பது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு வெள்ளி விளிம்பு, மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டில் உட்கார்கிற விளக்குத் தகழி, பனைமரப் பிடி போட்ட கரண்டி. மண்ணும் கல்லும் சேர்ந்துவிட்டால் தராசில் வைத்து விலை கேட்பது தானாக நின்றுவிடும்.

வெளிநாட்டில் இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று பார்த்தாலும் இதே கணக்குதான் தெரிகிறது. டென்மார்க்கின் கேயோர்க் யென்சன் சிற்பம் படித்தவர், மண்பாண்டமும் செய்து பார்த்தவர். 1904-இல் கோபன்ஹேகனில் பட்டறை போட்டபோது சின்னச் சின்ன வெள்ளி நகைகளில்தான் ஆரம்பித்தார். நகைக்கு உலோகம் கொஞ்சம் போதும். பெரிய பாத்திரங்கள் பின்னால் வந்தன. இங்கிலாந்தில் ராபர்ட் வெல்ச் 1955-இல் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் ஒரு பழைய பட்டு ஆலையில் பட்டறை வைத்தார். ஒரு பக்கம் ஆர்டருக்குக் கையால் வெள்ளி வேலை, இன்னொரு பக்கம் கம்பெனிக்காக எவர்சில்வர் பாத்திர டிசைன். அவர் காலத்தவரான ஷெஃபீல்டுக்காரர் டேவிட் மெல்லரும் வெள்ளியில் தொடங்கி, கத்தி கரண்டி, கடைசியில் பிரிட்டனின் டிராஃபிக் சிக்னல் வரை டிசைன் செய்தார். இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது வெள்ளி, மாத வருமானம் பெரும்பாலும் மற்ற உலோகத்திலிருந்து வந்தது. டிசைனர் என்றால் வெள்ளியைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று நிற்பவர் என்று ஒரு பிம்பம் உங்களுக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

நம் நிலைமைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது மெக்சிகோவின் தாஸ்கோ. வெள்ளிச் சுரங்க ஊர், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி டிசைன் இல்லை. வில்லியம் ஸ்ப்ராட்லிங் என்ற அமெரிக்கர், உங்களைப் போலக் கட்டடக்கலைக்காரர், 1931-இல் அங்கே பட்டறை தொடங்கினார். பக்கத்து ஊரிலிருந்து பொற்கொல்லர்களை வரவழைத்து, அந்த மண்ணின் பழைய உருவங்களை வைத்து நகை டிசைன் செய்து கொடுத்தார். அவரிடம் வேலை கற்றவர்கள் தனித்தனியாகப் பட்டறை போட்டார்கள், ஊரே வெள்ளி ஊராகிவிட்டது. மதுரைக்கு ஆசாரிகளை வரவழைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இங்கேயே இருக்கிறார்கள், வேலைதான் குறைந்துகொண்டே வருகிறது. கொலுசு என்றால் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்து இறங்குகிறது. அச்சு நகை கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. மதுரைப் பத்தர்களுக்கு மிஞ்சியிருப்பது ரிப்பேர், கல் பதிப்பு, கோயில் வேலை.

அந்தக் கோயில் வேலையை அலட்சியமாக நினைக்காதீர்கள். நீங்கள் கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. சாமிக்குக் கவசம், திருவாசி, மர வாகனத்தின்மேல் போர்த்துகிற வெள்ளித் தகடு, எல்லாமே நகாசு வேலை. குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கின்மேல் தகட்டை ஒட்டவைத்து, பின்பக்கமிருந்து புடைத்து, திருப்பிப் போட்டு முன்பக்கம் உளியால் கோடு இழுப்பார்கள். நான் போய்வருகிற பட்டறையில் ஒரு வயதான பத்தர் இருக்கிறார். உளியை மூன்று விரலில் பிடித்து, சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றி, சுத்தியலைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போவார். கண் முழுக்க உளியின் நுனியில் இருக்கும். அம்மன் கவசத்தின் கொசுவத்துக்கு ஓர் உளி, கழுத்துச் சரத்துக்கு வேறு உளி, கண் இமைக்கு நகத்தளவு உளி. எல்லாம் அவரே இரும்புக் கம்பியை அடித்துத் தீட்டிக்கொண்டவை. ஒரு முறை கல்லூரியில் படிக்கிற பெண் ஒருவர் பழக வந்தார். பத்தர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடிக்கிறியாம்மா, தடவிக் குடுக்கிறியா?" என்றார். மறுநாளும் அந்தப் பெண் வந்தார். அதற்கப்புறம் பத்தர் கிண்டல் பண்ணவில்லை, உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

வெளியாளைச் சுலபத்தில் உட்கார வைக்க மாட்டார்கள், அதற்குக் காரணமும் உண்டு. பட்டறைத் தரையைக் கூட்டிய தூசிக்குக்கூட விலை இருக்கிறது. அரம் போட்ட தூள் யார் மடியில் விழுந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை. பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிற பட்டறையும் மிகக் குறைவு. தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போங்கள், உங்கள் தகட்டை நீங்களே எடை போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், கிளம்பும்போது தூளோடு சேர்த்து எடை போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். சம்பளம் கேட்காதீர்கள், சும்மாவும் கற்காதீர்கள். ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

கல்லூரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாமல்லபுரத்து அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் உலோகச் சிற்பம் சொல்லித்தருகிறார்கள். நிஃப்ட், என்ஐடி போன்ற தேசிய டிசைன் கல்லூரிகளில் நகை, ஆக்சசரி டிசைன் படிக்கலாம். உங்களுக்கு இன்னொரு பட்டம் தேவையில்லை என்பது என் கருத்து. வரையத் தெரியும், கம்ப்யூட்டரில் முப்பரிமாணமும் தெரியும். இல்லாதது சுத்தியல்தான், அது வகுப்பறையைவிடப் பட்டறையில் சீக்கிரம் வரும்.

இனி உலோகம். பஜாரில் 'டச்' என்று சொல்வார்கள், அதாவது நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி. கொலுசு எழுபது டச்சிலும் ஓடும், அதற்குக் கீழேயும் ஓடும். நீங்கள் 925-க்குக் கீழே இறங்கவே வேண்டாம். உங்களிடம் வாங்கியவர் பத்து வருஷம் கழித்து எங்கேயோ போய் டச் பார்ப்பார், அன்றைக்குப் பேர் கெட்டால் கெட்டதுதான். வெள்ளிக்கு ஹால்மார்க் தங்கத்தைப் போலக் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். போடுங்கள். உங்கள் சொந்த முத்திரையையும் பக்கத்தில் குத்துங்கள், எவ்வளவு சின்ன உருப்படியாக இருந்தாலும்.

925-இல் ஒரு தொல்லை உண்டு. மீதி ஏழரை பங்கு செம்பு. சுடும்போது அந்தச் செம்பு மேல்தோலுக்கு அடியில் காற்றோடு சேர்ந்து கறுக்கும். பாலிஷ் போட்ட பிறகுதான் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாகத் தெரியும். அரம் போட்டு எடுத்தால் வேலைப்பாடும் சேர்ந்து போய்விடும். சுடுவதற்கு முன் வெங்காரக் (போராக்ஸ்) கரைசலை முழுவதும் பூசிவிடுவது, தேவைக்கு மேல் ஒரு நொடிகூடச் சுடாமல் இருப்பது, இவை இரண்டும்தான் கைக்கு அடங்கின மருந்து. பத்தர்கள் கவசத்துக்கு நல்ல சுத்தமான வெள்ளியே எடுப்பதால் இந்தக் கறை அவர்களை அவ்வளவாகப் படுத்துவதில்லை. அதனால் இதை அவர்கள் சொல்லித் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பற்றவைக்கிற பொடியில் காட்மியம் கலந்தது வாங்காதீர்கள். சுலபமாக உருகும், அழகாக ஓடும், அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாயால் ஊதுகுழல் பிடித்துக் காலமெல்லாம் வேலை செய்தவர்கள் இருமுவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்த பிறகுதான் அடுப்பே வைக்க வேண்டும்.

அப்புறம் விபூதி. சிரிக்க வேண்டாம், இது டிசைன் விஷயம். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்ப்பார்கள், வெள்ளிக்கிழமை தவறாமல். நீங்கள் ஆசையாகக் குழிகளில் கறுப்பு ஏற்றி ஆக்சிடைஸ் செய்து கொடுத்த விளக்கை, "பாவம், அழுக்காகவே வந்திருக்கிறது" என்று ஒரு பாட்டி பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார். இங்கே விற்கிற பொருளில் கறுப்பை நம்பி டிசைன் செய்யக் கூடாது. கறுப்பு போனாலும் நிற்கிற ஆழம் வேண்டும். மேல்பரப்பை வழவழப்பாக விடாமல் சொரசொரப்பாக அடிப்பதும் நல்லது. இங்கிலாந்தின் ஜெரால்ட் பென்னி மரப்பட்டை போன்ற பரப்புக்குப் பேர் போனவர். அந்த மாதிரிப் பரப்பில் விரல் ரேகையும் கீறலும் எடுப்பாகத் தெரியாது. சுங்குடிப் புடவைப் புள்ளிகளை உளியால் குத்தினால் அதே பலன் கிடைக்கும். யாராவது ஏற்கெனவே செய்திருப்பார்கள், பரவாயில்லை, நீங்கள் செய்தால் வேறு மாதிரிதான் வரும்.

யார் வாங்குவார்கள்? சீர்வரிசைக்காரர்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. தாம்பாளம், குடம் என்று எடையோடு வாங்கத்தான் அவர்கள் வருவார்கள். உங்களுக்கு நான் மூன்று வாசல் பார்க்கிறேன். ஒன்று, பரிசு. வெளியூர், வெளிநாட்டில் இருக்கிற மதுரைக்காரர்கள் கைப்பையில் கொண்டுபோகிற மாதிரி, இருபது முப்பது கிராமுக்குள் ஏதாவது தேடுகிறார்கள். பாலாடைச் சங்கு, குங்குமச்சிமிழ், சின்னக் காமாட்சி விளக்கு மூன்றுக்கும் புது வடிவம் யாராவது கொடுத்தால் எடுக்க ஆள் இருக்கிறது. இரண்டு, நீங்கள் இப்போது வேலை செய்கிற உலகம். பூஜை அறைக் கதவுக்கு வெள்ளித் தகடு போர்த்துகிறவர்கள் இன்னும் காலண்டர் லட்சுமியையே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு கட்டுகிறவர் வரைபடம் பார்க்க வருகிற அதே மேசையில் இந்த ஆர்டரைப் பிடிக்கிற வசதி எந்தப் பத்தருக்கும் கிடையாது. மூன்று, குலதெய்வக் கோயில். நாலைந்து பங்காளிகள் சேர்ந்து கவசம் செய்ய வருவார்கள். அதில் உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது, டிசைனில் கைவைக்கவும் முடியாது, ஆனால் கூலி ஒழுங்காக வரும், நகாசும் கை விட்டுப் போகாது. சென்னையில் கிராஃப்ட்ஸ் கவுன்சில் போன்ற அமைப்புகள் நடத்துகிற கண்காட்சிகளுக்கு, உங்கள் கையில் ஒரே மாதிரிச் சாயலோடு இருபது உருப்படியாவது சேர்ந்த பிறகு போனால் போதும்.

பணத்தில் ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும். 2020-இன் தொடக்கத்தில் கிலோ வெள்ளி ஐம்பதாயிரத்தைச் சுற்றி இருந்தது. 2025 முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆர்டர் எடுத்த அன்றைக்கு மொத்த விலையாகப் பேசிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வெள்ளி வாங்கப் போனவர்கள் கைக்காசு போட்டுத்தான் செய்துகொடுத்தார்கள். உலோகத்துக்கான பணம் அட்வான்ஸாக வந்த அன்றே, அதே மணி நேரத்தில், வெள்ளியை வாங்கி வைத்துவிடுங்கள். அட்வான்ஸ் தராதவருக்கு வேலை இல்லை. சொந்தக்காரர்களுக்கும் இதேதான், அவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக.

காப்பி அடிப்பார்களே என்று கேட்டிருந்தீர்கள். அடிப்பார்கள். 2000-ஆம் வருஷத்து டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் பத்து வருஷப் பாதுகாப்பு, பிறகு ஐந்து வருஷ நீட்டிப்பு உண்டு. நன்றாக ஓடுகிற ஒன்றிரண்டு உருப்படிக்கு மட்டும் பதிவு செய்யலாம். மற்றதை விட்டுவிட்டு அடுத்ததை வரையுங்கள்.

கையில் காசு நிற்க, மூன்று வருஷம் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வருஷம் செலவுதான். இரண்டாம் வருஷம் வெள்ளிக்கான செலவு திரும்பும். ஆகையால் வேலையை இப்போது விடாதீர்கள். சிக்கல் என்னவென்றால் உங்களுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பட்டறைகளும் பூட்டித்தான் இருக்கும். சில ஆசாரிகள் அமாவாசைக்கும் கை வைக்க மாட்டார்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அலுவலகத்தில் பேசி, வாரத்தில் இரண்டு பகல் வாங்கிக்கொள்ள முடியுமா பாருங்கள்.

முதலுக்கு: உருட்டு மெஷின் வாங்க ஓடாதீர்கள். தகடும் கம்பியும் கூலிக்கு இழுத்துத் தருகிற கடை பஜாரிலேயே இருக்கிறது. நல்ல சுத்தியல் இரண்டு, மழமழவென்று தேய்த்த இரும்புப் பட்டடை ஒன்று, அரம், வாள், சாமணம், கேஸ் பர்னர், அரக்குக் கிண்ணம். ஆரம்பத்துக்கு இவ்வளவுதான். முதல் ஆறு மாதம் செம்பில் அடித்துப் பழகுங்கள். வெள்ளி விலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது, அடிக்கும்போதும் சுடும்போதும் ஏறக்குறைய வெள்ளி மாதிரியே நடந்துகொள்ளும். அதில் ஓரளவு நேராக வந்த கிண்ணங்களைத் தூக்கிப் போட வேண்டாம், உள்ளே வெள்ளீயம் பூசி வைத்தால் அதற்கும் வாங்குகிற ஆள் இருக்கிறார்கள்.